கடைவீட்டுக்கு ஏன் அந்த விலை?

சிங்கப்பூரில் பழைய கடைவீடு ஒன்று பல மில்லியன் வெள்ளிக்குக் கைமாறியது என்று செய்தி வந்தால், அன்றைக்குக் காப்பிக்கடைப் பேச்சு ஒரே மாதிரிதான் ஓடும். "மின்தூக்கிகூட இல்லாத வீட்டுக்கா இவ்வளவு?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "பழமைக்குத்தான் காசு, முகப்பில் இருக்கிற பூ ஓட்டைப் பாருங்க" என்பார் பக்கத்தில் இருப்பவர். கடைசியில், "வாங்கினாலும் ஆணி அடிக்க அரசாங்கத்தைக் கேட்கணும், நமக்கெதுக்கு" என்று பேச்சு முடியும்.

அழகு, பழமை, கட்டுப்பாடு மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வரும் வினை இது. சொத்து முகவர்களின் விளம்பரங்களும் தெளிய விடுவதில்லை. "அரிய மரபுடைமைச் சொத்து" என்று சொல்லி எல்லாவற்றையும் மூடிவிடுகின்றன. என் பார்வையில் விஷயம் இதுதான்: கடைவீட்டுக்குக் கொடுக்கிற பணத்தில் பெரும்பங்கு செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் போவதில்லை. அந்த மனையில் யார், எதை, எத்தனை காலத்துக்குச் செய்யலாம் என்ற அனுமதிகளுக்குப் போகிறது. இதற்கு முன் சொத்துச் சந்தை பற்றி எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. அடியிலிருந்தே பார்க்கலாம்.

எதைக் கடைவீடு என்கிறோம்

கீழே கடை, மேலே குடியிருப்பு. பக்கத்து வீட்டோடு ஒட்டி, ஒரே வரிசையாகக் கட்டப்பட்டது. இடமும் வலமும் உள்ள சுவர் நமக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஒன்றே. அதைப் பொதுச்சுவர் என்பார்கள். 1840களிலிருந்து 1960கள் வரை சிங்கப்பூரில் இப்படிக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். கடையே இல்லாமல் முழுவதும் குடியிருப்பாகவே கட்டிய வரிசைகளும் உண்டு. எமரல்ட் ஹில், பிளேர் ரோடு பக்கம் பார்க்கலாம். பேச்சுவழக்கில் அவற்றையும் கடைவீடு என்றே சொல்லிவிடுகிறோம். விலைக்கணக்கில் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது பின்னால் வரும்.

முகப்பு குறுகல், உள்ளே நீளம். காரணம் எளிது. மேல்தளத்தைத் தாங்கும் மரச்சட்டங்கள் ஒரு பொதுச்சுவரிலிருந்து எதிர்ப் பொதுச்சுவருக்குப் போகின்றன. மரம் எவ்வளவு நீளம் கிடைக்கிறதோ, எவ்வளவு நீளத்துக்கு வளையாமல் பாரம் தாங்குமோ, அதுதான் வீட்டின் அகலம். பெரும்பாலும் நாலைந்து மீட்டர். மீதி இடமெல்லாம் பின்னோக்கித்தான் போக வேண்டும்.

முன்னால் இருக்கும் நடைவழியை அஞ்சடி என்போம், எழுத்தில் ஐந்தடிப் பாதை. நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் 1822-ல் நகரத் திட்டத்துக்குக் கொடுத்த உத்தரவில், ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையோடு கூடிய, எந்நேரமும் திறந்திருக்கும் நடைவழி தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று இருந்தது. வெயிலுக்கும் மழைக்கும் அது வரம். வாங்குபவர் கவனிக்க வேண்டியது: அந்த அஞ்சடி பெரும்பாலும் அவருடைய மனைக்குள்ளேயே வரும், ஆனாலும் அதில் மேசை போட்டு மறிக்க முடியாது. காசு கொடுத்து வாங்கிய நிலத்தில் ஊரார் நடப்பார்கள்.

நம் ஆட்களுக்கும் இந்தக் கட்டடத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இப்படிப்பட்ட கட்டடங்களில்தான் நடந்தன. ஒரே நீளக் கூடத்தில் பல வட்டிக்கடைகள், ஆளுக்கு ஒரு கைப்பெட்டி, ஒரு அலமாரி. அந்தக் கிட்டங்கிகள் இன்று இல்லை. ஏன் இல்லை என்பதும் விலைக்கதையின் ஒரு பகுதியே.

சிஓஇ தெரிந்தால் இதுவும் தெரியும்

சிங்கப்பூரில் கார் வாங்கியவருக்கு இதை விளக்குவது சுலபம். காருக்கென்று கொடுக்கிற தொகையில் பெரிய துண்டு இரும்புக்குப் போவதில்லை, சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழுக்குப் போகிறது. 1990-ல் வந்த ஏற்பாடு. பத்தாண்டுக்கு இந்த ஊர்ச் சாலையில் ஓட்டலாம் என்ற அனுமதி அது. கடற்பாலத்தைத் தாண்டி ஜோகூர் பாருவுக்குப் போனால் அதே கார் வேறு விலை. இரும்பு மாறவில்லை, காகிதம் மாறிவிட்டது.

அந்தக் காகிதத்தில் மூன்று சங்கதி இருக்கிறது. எத்தனை வருஷம் மிச்சம் என்பது ஒன்று. பழைய கார் பார்க்கப் போனால் முதல் கேள்வியே அதுதான். எந்த வகை என்பது இரண்டாவது: கார், லாரி, மோட்டார்சைக்கிள் என்று பிரிவுக்குப் பிரிவு விலை வேறு. மொத்தம் எத்தனை சான்றிதழ் வெளிவருகிறது என்பது மூன்றாவது. எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறும்.

கடைவீட்டிலும் இதே மூன்றுதான். வருஷக் கணக்கு குத்தகைக் காலத்தில் இருக்கிறது. வகை, நிலப் பயன்பாட்டில் இருக்கிறது. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது, பழைய கட்டடங்களை இடிக்கவிடாமல் காக்கும் பேணிக்காப்புச் சட்டம். ஒப்பீடு ஓரிடத்தில் உடைகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிஓஇ எண்ணிக்கையை அரசாங்கம் நினைத்தால் கூட்டலாம். 1920களில் கட்டிய வீட்டை இனிமேல் யாராலும் கட்ட முடியாது.

வருஷக் கணக்கு

சிங்கப்பூரில் நிலம் பெரும்பாலும் மூன்று விதமாகக் கைக்கு வருகிறது. காலவரையே இல்லாத நிரந்தர உரிமை. 999 ஆண்டுக் குத்தகை. 99 ஆண்டுக் குத்தகை. குத்தகை என்றால், குறித்த காலம் முடிந்ததும் நிலம் அரசாங்கத்துக்குத் திரும்பிவிடும். 999 ஆண்டு என்பது நம் பேரன் பேத்தி காலத்துக்கும் அப்பால் என்பதால், சந்தை அதையும் நிரந்தர உரிமையையும் ஏறக்குறைய ஒன்றாகவே நடத்துகிறது. 99 ஆண்டு தனிச்சாதி.

ஒரே வரிசையில், ஒரே பொதுச்சுவரைப் பகிர்ந்துகொண்டு, ஒன்று நிரந்தர உரிமையாகவும் அடுத்தது 99 ஆண்டாகவும் இருக்க முடியும். தெருவில் நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது. எப்படி இப்படி ஆனது?

போருக்குப் பிறகு 1947-ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதற்கு முன் கட்டிய கட்டடங்களில் வாடகையை ஏற்ற முடியாது, வாடகைக்காரரைச் சுலபமாகக் கிளப்பவும் முடியாது. இடமில்லாமல் தவித்த ஏழைகளுக்கு அது அரண். ஆனால் வாங்குகிற வாடகை ஓடு மாற்றக்கூடப் போதாதபோது எந்த வீட்டுக்காரர் செலவு செய்வார்? சுவர் ஊறியது, மரம் உளுத்தது, அறைக்குள் பலகை அடித்து இன்னும் பல குடும்பங்கள் குடியேறின. அரசாங்கம் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் கீழ் நகர நடுவில் பல மனைகளை எடுத்துக்கொண்டது. பிறகு 1980களின் பிற்பாதியிலும் 1990களிலும், அப்படித் தன்னிடம் வந்த கடைவீடுகள் பலவற்றை, வாங்குபவரே செப்பனிட வேண்டும் என்ற நிபந்தனையோடு 99 ஆண்டுக் குத்தகைக்கு ஏலக்குத்தகையில் விட்டது. கையகப்படுத்தாமல் தப்பியவை பழைய பத்திரத்தோடு, நிரந்தர உரிமையாகவோ 999 ஆண்டாகவோ நீடித்தன. வாடகைக் கட்டுப்பாடு 2001-ல் முழுவதுமாக நீங்கியது.

1990-ல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2089-ல் முடியும். இன்றைக்கு அறுபத்துச் சொச்சம் ஆண்டுதான் மிச்சம். ஆண்டு குறையக் குறைய வங்கி கடன் கொடுக்கத் தயங்கும், அடுத்து வாங்க வருபவரும் பேரம் பேசுவார். முகப்பில் எத்தனை மயில் ஓடு பதித்திருந்தாலும் இந்தக் கணக்கை அது மாற்றாது.

வகை: எதற்கு, யாருக்கு

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் ஒவ்வொரு மனைக்கும் ஒரு பயன்பாட்டு வகை குறித்து வைத்திருக்கிறது. இது குடியிருப்பு, இது வணிகம், இது கீழே வணிகம் மேலே குடியிருப்பு என்று. வரைபடத்தில் நிறம் நிறமாகத் தெரியும். ஆணையத்தின் இணையத்தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

வகையைப் பொறுத்து, வாங்க வருகிற கூட்டமே மாறிவிடும். தரையோடு கூடிய குடியிருப்புச் சொத்தைக் குடிமக்கள் அல்லாதவர் வாங்க வேண்டுமானால் சட்டப்படி அரசாங்க ஒப்புதல் வேண்டும், அது சுலபத்தில் கிடைக்காது. போதாததற்குக் கூடுதல் முத்திரைத் தீர்வை. இது குடியிருப்புச் சொத்துக்கு வழக்கமான முத்திரைத் தீர்வைக்கு மேல் கட்டுவது. 2023 ஏப்ரல் கடைசியிலிருந்து வெளிநாட்டினருக்கு இது 60 விழுக்காடு. 5 மில்லியன் வெள்ளி வீட்டுக்கு இன்னொரு 3 மில்லியன் தீர்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்க் குடிமகனே ஆனாலும் இரண்டாவது வீட்டுக்கு 20 விழுக்காடு கட்ட வேண்டும்.

முழுக்க வணிக வகையில் இருக்கும் கடைவீட்டுக்கு அந்த ஒப்புதலும் வேண்டாம், இந்தத் தீர்வையும் கிடையாது. வெளிநாட்டு முதலீட்டாளர் வரலாம், நிறுவனம் வரலாம், ஏற்கெனவே மூன்று வீடு வைத்திருக்கும் உள்ளூர்ப் பணக்காரரும் வரலாம். குடியிருப்புச் சொத்தின் மேல் தீர்வை ஏற ஏற, வணிகக் கடைவீட்டைப் பார்த்து வந்த கூட்டமும் கூடியது இதனால்தான். வணிகமும் குடியிருப்பும் கலந்த வகைக்கும் வெளிநாட்டினர் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று 2023-ல் விதியை இறுக்கினார்கள்.

ஜூ சியாட்டில் கூன் செங் ரோடு வீடுகளை எல்லாருக்கும் தெரியும். இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயம் பூசி, பூவேலையும் ஓடுமாக நிற்பவை. சுற்றுலா வருகிறவர்கள் வரிசையில் நின்று படம் எடுப்பார்கள். அவை குடியிருப்பு. தெலுக் ஆயர் பக்கம் அலங்காரம் அவ்வளவாக இல்லாத வணிகக் கடைவீடு, நிலத்தின் சதுர அடிக்குக் கணக்குப் பார்த்தால், அந்த அழகு வீட்டைவிட நன்றாகவே மேலே போகும். அழகுக்குத்தான் விலை என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

வணிக வகைக்குள்ளும் படிகள் உண்டு. அலுவலகமா, கடையா, உணவகமா, தங்குவிடுதியா என்று ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி. உணவக அனுமதி உள்ள தரைத்தளத்துக்கு வாடகை கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் கடைவீடு பார்க்கப் போகும்போது உள்ளே ஜேஜே என்று உணவகம் நடக்கிறது என்பதற்காக, அந்த அனுமதி கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் என்று நினைத்துவிடக் கூடாது. சில அனுமதிகள் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். சில வட்டாரங்களில் புதிய மதுக்கூடத்துக்கு இடமே இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: குத்தகைக் காலம் எவ்வளவு தூரம் போகலாம் என்று சொல்கிறது, பயன்பாட்டு வகை யார் வாங்க வரலாம் என்று சொல்கிறது. இரண்டும் கட்டடத்தின் முகத்தில் எழுதியிருக்காது.

எண்ணிக்கை: ஆணி அடிக்கலாமா

இனிப் பேணிக்காப்பு. ஒரு கட்டடத்தை இடிக்கக் கூடாது, அதன் முக்கிய உறுப்புகளைக் காத்து வைக்க வேண்டும் என்று அரசிதழில் அறிவிப்பதுதான் பேணிக்காப்பு. இதையும் தேசிய நினைவுச்சின்னத்தையும் ஒன்றாக நினைப்பவர்கள் ஏராளம். சவுத் பிரிட்ஜ் ரோட்டிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயில் தேசிய நினைவுச்சின்னம், 1973-ல் அறிவிக்கப்பட்டது. அதற்கான விதிகள் இன்னும் கடுமை. பேணிக்காக்கும் கடைவீடு அப்படியல்ல. வீடாக இருந்ததை அலுவலகமாக்கலாம், குளிர்சாதனம் போடலாம், குளியலறை கட்டலாம், சில இடங்களில் மின்தூக்கியும் வைத்திருக்கிறார்கள். ஆணியும் தாராளமாக அடிக்கலாம்.

தொடக் கூடாதவை வேறு: முகப்பு, கூரையின் வடிவம், களிமண் ஓடு, பொதுச்சுவர், தளத்தைத் தாங்கும் மரச்சட்டங்கள், மரச் சன்னல்கள், உள்முற்றம். ஆணையம் சொல்லும் கொள்கை, இருப்பதை இயன்றவரை அப்படியே வை, கெட்டதைக் கவனமாகச் செப்பனிடு, போனதை உணர்ந்து மீட்டெடு என்பதே. எதை மாற்ற நினைத்தாலும் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும்.

1970களில் கதை இப்படி இல்லை. நிதி வட்டாரம் வளர்ந்தபோது பழைய வரிசைகளை மொத்தமாகத் தட்டிவிட்டுக் கோபுரம் கட்டுவதே வழக்கம். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் போன வழி அதுதான். பிறகு மனம் மாறியது. 1987-ல் தஞ்சோங் பகாரில் அரசாங்கத்துக்குச் சொந்தமான 32 கடைவீடுகளைச் செப்பனிட்டு, இதுவும் சாத்தியம் என்று காட்டினார்கள். 1989 ஜூலையில் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், போட் கீ முதலிய பத்து வட்டாரங்களை அறிவித்தார்கள். இன்று தீவு முழுவதும் 7,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பேணிக்காப்பில் இருக்கின்றன. பெரும்பாலானவை கடைவீடுகள்.

இடிக்கக் கூடாது என்றால் விலை இறங்க வேண்டுமே, ஏன் ஏறுகிறது? நியாயமான கேள்வி. ஒரு மனையில் நிலப்பரப்பைப்போல எத்தனை மடங்கு தளம் எழுப்பலாம் என்பதைத் தளப்பரப்பு விகிதம் என்பார்கள். கோபுரம் கட்டும் மனைக்கு அது பத்துக்கு மேலும் போகும். கடைவீட்டுக்கு, நிற்கிற கட்டடத்தின் அளவோடு சரி. அந்த இழப்பு உண்மையானதுதான். ஆனால் ஐந்து மீட்டர் அகல மனையில் தனியாகக் கோபுரம் எழுப்ப முடியாது. வரிசை முழுவதையும் வாங்கிச் சேர்த்தால்தான் முடியும். ஒற்றைக் கடைவீட்டுக்காரருக்குப் போனது, கையில் வராத ஒன்று.

கிடைத்தது என்ன? உங்களைக் கட்டுப்படுத்துகிற அதே விதி பக்கத்து வீட்டுக்காரரையும் எதிர்வீட்டுக்காரரையும் கட்டுப்படுத்துகிறது. நாளைக்கு யாரும் அந்த வரிசையைக் கெடுக்க முடியாது. தெருவின் உயரம் அப்படியே இருக்கும், வானம் தெரியும், அஞ்சடி அறுபடாது. தனிக் கடைவீட்டுக்கு என்று பெரிய மதிப்பு கிடையாது. வரிசைக்குத்தான் மதிப்பு. அந்த வரிசையைச் சட்டம் காவல் காக்கிறது, அதனால்தான் விலை நிற்கிறது.

எல்லா வட்டாரத்துக்கும் விதி ஒன்றல்ல. லிட்டில் இந்தியா, சைனாடவுன் போன்ற வரலாற்று வட்டாரங்களில் கட்டடம் முழுவதையும் காக்க வேண்டும். பிளேர் ரோடு, எமரல்ட் ஹில் போன்ற குடியிருப்பு வட்டாரங்களில் பின்பக்கம் முதன்மைக் கூரையைத் தாண்டாமல் கொஞ்சம் கட்டிக்கொள்ளலாம். ஜூ சியாட், கேலாங், பாலஸ்டியர் மாதிரி இடங்களில் முன்பகுதியைக் காத்துவிட்டுப் பின்னால் உயரமாகவே எழுப்பலாம். கேலாங்கில் பழைய முகப்புக்குப் பின்னால் திடீரென்று பல மாடி முளைத்து நிற்பதன் ரகசியம் இது. பின்பக்கத்தில் கட்டிக்கொள்ள இன்னும் இடம் மிச்சமிருந்தால் அதற்கும் ஒரு விலை உண்டு. பார்க்க நன்றாக இருக்கிறதா என்பதை நான் சொல்ல மாட்டேன்.

மூன்றையும் காசாக்குவது

இனி எண்கள். ஒரு கற்பனைக் கடைவீடு எடுத்துக்கொள்வோம். நிலம் 1,500 சதுர அடி. இரண்டு தளமும் சேர்த்துப் புழங்கும் பரப்பு 3,000 சதுர அடி. கேட்கும் விலை 7.5 மில்லியன் வெள்ளி.

நிலத்தால் வகுத்தால் சதுர அடி 5,000 வெள்ளி. தளப்பரப்பால் வகுத்தால் 2,500 வெள்ளி. இரண்டும் சரி, இரண்டும் ஒரே வீடு. ஆனால் பக்கத்துத் தெருவில் ஒன்று 2,500-க்குப் போனது, இதற்கு மட்டும் 5,000 கேட்கிறார்கள் என்று ஒருவர் கொதிப்பார். அவர் சொல்லும் இரண்டு எண்களும் வெவ்வேறு அளவுகோல்கள். கடைவீட்டு விளம்பரங்களில் இரண்டு வழக்கமும் உண்டு. எந்தப் பரப்பு என்று கேட்காமல் சதுர அடி விலை பேசுவது வீண்.

வணிகக் கடைவீட்டை வாங்குபவர் அடுத்துப் பார்ப்பது வாடகை. மாதம் 18,000 வெள்ளி என்று வைப்போம். ஆண்டுக்கு 2,16,000. அதை விலையால் வகுத்தால் 2.88 விழுக்காடு. இதுதான் வாடகை ஈட்டு விகிதம்: போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு வாடகையாகத் திரும்புகிறது என்ற கணக்கு. பராமரிப்பு, சொத்து வரி, காப்புறுதி போனால் இன்னும் குறையும்.

வாங்குபவர்கள் இதை வைத்து விலையைப் பின்பக்கமாகவும் கணக்கிடுவார்கள். வங்கிக் கடன் வட்டி ஏறுகிறது, ஆகவே 3.5 விழுக்காடாவது வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்தால், 2,16,000-ஐ 0.035-ஆல் வகுப்பார். ஏறக்குறைய 6.17 மில்லியன். அதே வாடகை, அதே வீடு, ஆனால் அவர் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகை 1.3 மில்லியன் குறைந்துவிட்டது. வட்டி ஏறும் காலத்தில் விற்பவர் இறங்காமலும் வாங்குபவர் ஏறாமலும் சந்தை அப்படியே உறைந்து நிற்பது இதனால்.

2.88 விழுக்காட்டுக்கு ஏன் ஒருவர் வாங்குகிறார்? நாளைக்கு வேறொருவர் இன்னும் கூடுதல் விலை கொடுப்பார் என்ற நம்பிக்கையில். நிரந்தர உரிமைக்காரருக்கு அந்த நம்பிக்கையைக் காலம் கரைக்காது. 99 ஆண்டுக்காரருக்குக் கரைக்கும். அதனால்தான் 99 ஆண்டு வீட்டில் ஈட்டு விகிதம் பொதுவாகக் கூடுதலாகத் தெரியும். கூடுதல் விகிதம் என்றதும் சல்லிசு என்று துள்ள வேண்டாம், அது கரையும் ஆண்டுகளுக்கான ஈடு.

அப்படியானால் அழகுக்கு என்ன வேலை

அழகுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. காகிதங்கள் சமமாக இருக்கும் இரண்டு வீடுகளில் எது முதலில் போகும், எதற்கு நல்ல வாடகைக்காரர் வருவார் என்பதை அழகுதான் தீர்மானிக்கிறது. மூலைவீட்டுக்குக் கிராக்கி கூடுதல், இரண்டு பக்கமும் முகப்பு, வெளிச்சம். 1900களிலிருந்து 1930கள் வரையிலான காலத்து வீடுகளில்தான் அலங்காரம் உச்சத்தில் இருக்கும்: பூவேலைச் சுதை, வண்ண ஓடு, தெருப்பக்கம் மார்பளவு மட்டும் மறைக்கும் பிந்து பகார் என்ற அரைக்கதவு. ஜாலான் புசாருக்குப் பக்கத்தில் பெட்டேன் ரோட்டில் ஒரு வரிசை முழுக்க அப்படியே நிற்கிறது. உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் நீல் ரோடு 157-ஆம் எண், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலுள்ள நீல நிற பாபா இல்லம்.

கடைவீட்டின் உண்மையான கவர்ச்சி முகப்பில் இல்லை, உள்முற்றத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. இருபக்கமும் சுவர், சன்னலுக்கு வழியில்லை. நீளமான வீட்டின் நடுவில் இருட்டு மண்டும். அதற்காக நடுவில் கூரையைத் திறந்து விட்டார்கள். சூடான காற்று மேலே ஏறி அந்த வாய் வழியே வெளியேறும், அஞ்சடிப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே இழுபடும். மழைத்தண்ணீர் தரையிலுள்ள கல்தொட்டியில் விழுந்து வடியும். செட்டிநாட்டு வளவு பார்த்தவருக்கு இது அந்நியமாக இருக்காது. இப்போது பலர் முற்றத்துக்கு மேல் கண்ணாடி போட்டு மூடிக் குளிர்சாதனத்தை ஓட்டுகிறார்கள். வெளிச்சம் மட்டும் மிஞ்சுகிறது.

அழகுக்குச் செலவும் உண்டு. சுவரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் சாயம் கொப்புளம் கட்டி, விரலால் தொட்டால் வெள்ளையாக உப்புப்பொடி ஒட்டுகிறதா? பழைய செங்கல் சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. தரையிலிருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போகும். இடையில் யாரோ சிக்கனம் என்று சிமெண்ட் பூசி மேலே பிளாஸ்டிக் சாயமும் அடித்துவிட்டால், ஈரம் உள்ளேயே சிக்கிச் செங்கல்லை அரிக்கும். சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசுவதுதான் வழி. அதற்குக் கைத்தேர்ச்சி உள்ளவர்கள் குறைவு, கூலி அதிகம். இந்தத் தீவில் சுண்ணாம்பு வேலைக்குப் பேர்போனது மதராஸ் சுண்ணாம்புதான். சிப்பிச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் தேங்காய்மட்டை ஊறவைத்த தண்ணீரும் சேர்த்து அரைத்துப் பூசி, இந்தியக் கைதிகள் புனித ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் சுவர்களை மெருகேற்றினார்கள்.

கூரை ஓடும் மரச்சட்டமும் அடுத்தவை. கரையான் ஒரு சட்டத்தின் நுனியை, சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில், வெளியே தெரியாமல் தின்றிருக்கும். வாங்குவதற்கு முன் பொறியாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சட்ட முனைகளைத் தட்டிப் பார்க்கச் சொல்வது நல்லது.

விளம்பரத்தை வாசிக்கும்போது

விளம்பரத்தில் படங்களைத் தாண்டிவிட்டு எழுத்துக்குப் போங்கள். குத்தகை எந்த ஆண்டு தொடங்கியது என்று பாருங்கள், "99 ஆண்டு" என்று மட்டும் இருந்தால் தொடக்கத்தைக் கேளுங்கள். பெருந்திட்டத்தில் அந்த மனையின் வகையை நீங்களே பாருங்கள், முகவர் சொல்லுக்கு விடாதீர்கள். சதுர அடி விலை நிலத்துக்கா தளத்துக்கா? வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது? விற்பவர் பொருள், சேவை வரிக்குப் பதிந்தவரா? வணிகச் சொத்தானால் விலைக்கு மேல் 9 விழுக்காடு சேரும், 7.5 மில்லியனுக்கு அது 6,75,000 வெள்ளி. பலர் கடைசி நாளில்தான் இதைக் கேள்விப்பட்டு விழிப்பார்கள்.

இன்னொன்று, பின்பக்கம் போய்ப் பாருங்கள். முன்பக்கத்தைப் படத்துக்காகத் துடைத்து வைத்திருப்பார்கள். பின்முற்றத்தைத் தகரம் போட்டு மூடிச் சமையலறை ஆக்கியிருந்தால், நடுவில் பலகைத் தளம் ஒன்று கூடுதலாக முளைத்திருந்தால், அனுமதி வாங்கித்தான் செய்தார்களா என்று வழக்கறிஞர் மூலம் ஆணையத்தின் பதிவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அனுமதியில்லாக் கட்டுமானத்தைச் செய்தவர் முந்தைய உரிமையாளரே ஆனாலும், விற்பனை முடிந்த பிறகு அகற்றச் சொல்லி வரும் கடிதம் புதிய உரிமையாளர் பெயருக்குத்தான் வரும். அந்தக் கூடுதல் பரப்பையும் கணக்கில் சேர்த்துத்தான் விற்பவர் 3,000 சதுர அடி என்று போட்டிருப்பார். அதைக் கழித்துவிட்டு, சதுர அடி விலையை மறுபடி வகுத்துப் பாருங்கள்.